இடக்கைச் சூடு

"இங்க தட்டு," என்றாள் அம்மா.

மகள் காசால் தட்டினாள். டக். ஒரு விரல் தள்ளித் தட்டினாள். டக். ஓரத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் பொக்கென்று கேட்டது. அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இதுதான் கடைசி."

"போன வாரமும் இதையேதான் சொன்னே. உன் பேச்சை நம்பி ரயிலை விட்டா பாலமே விழுந்துடும்."

மகளின் பிழைப்பு அதுதான். பாலங்களிலும் கொதிகலன்களிலும் இரும்போடு இரும்பைப் பற்றவைத்த இடங்களைச் சோதித்து, உள்ளே பொள்ளல் உண்டா, விரிசல் உண்டா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பெரிய கருவிகள் இருக்கின்றன. இருந்தாலும் முதலில் தட்டித்தான் பார்ப்பார்கள். ஒட்டியது ஒரு மாதிரி பேசும், விட்டது வேறு மாதிரி பேசும். மரமும் அப்படித்தான்.

கூடத்தின் நடுவே பழைய தினசரிகளின் மேல் நின்றது அந்தக் கண்ணாடி மேசை. நடுவில் மூன்று இழுப்பறை, இரண்டு பக்கமும் சின்னக் கதவு, மேலே கண்ணாடியைத் தாங்க இரண்டு தூண். கண்ணாடி மட்டும் இல்லை. ரசம் போய்த் திட்டுத் திட்டாக இருந்ததால் புதிதாக ரசம் பூசக் கடையில் கொடுத்திருந்தார்கள். மேசையின் உடம்பு முழுக்க வெனீர். நல்ல மரத்தைக் காகிதம்போல் சீவி, மட்டமான மரத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள், அந்தத் தோல். பல இடங்களில் தோல் கிளம்பிக் கொப்புளம் விட்டிருந்தது.

அம்மா ஈரத்துணியை வட்டத்தின் மேல் விரித்தாள். இடக்கையால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, வலக்கை விரலை நாக்கில் தொட்டு அடித்தட்டில் வைத்தாள். சுர் என்றது.

"பருத்திக்குப் பத்தாது, பட்டுக்கு அதிகம். மரத்துக்குச் சரி."

துணியின் மேல் வைத்து அழுத்தினாள். ஆவி எழுந்தது. வெனீருக்கு அடியில் காய்ந்து கிடந்த பழைய வச்சிரப் பசை இளகி, செத்த மாட்டுத்தோலின் வாடை அறையெங்கும் பரவியது. அம்மா பெட்டியை எடுத்த நொடியே மகள் பலகையை வைத்து, அதன் மேல் செங்கற்களை அடுக்கினாள். இருவருக்கும் பேசிக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. இத்தனை வாரத்தில் கை பழகிவிட்டது.

அம்மா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மூச்சு அடங்க நேரமாயிற்று.

"பாலிஷ் நீ அடுத்த வாரம் வந்து போடு. கண்ணாடியை நான் எடுத்துக்கறேன்."

"நீ தூக்க வேண்டாம்மா. நான் வந்து எடுக்கறேன்."

"நான் எங்க தூக்கப் போறேன்? அதுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. நீ கிளம்பு, பஸ் போயிடும்."

மகள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

*

அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வைத்த பெயர் கஞ்சியக்கா. அவள் விறைப்பாக்கிய சட்டையை நிற்க வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும் என்பார்கள். அவள் குணத்துக்கும் அதே பெயர் பொருந்திற்று. பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலாவது காலைக் கண்ணெதிரே காட்டினாலும், "அது வேற முயலோடது" என்பாள்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடம் அது. தரைக்குக் கீழே, சன்னல் இல்லாத நீளமான கூடம். நாள் முழுக்க ஆவி. படுக்கை விரிப்புகளை இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இழுப்பார்கள். கணவன் செத்த மறு மாதம் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். மகளுக்கு அப்போது நடை கூடச் சரியாக வரவில்லை. சேர்ந்த சில வருடத்தில், மடங்கிப் போன ஒரு விரிப்பின் மூலையை நேராக்கப் போனபோது வலக்கையையும் உருளை சேர்த்து இழுத்துக்கொண்டது.

புறங்கைத் தோல் முழுக்கப் போயிற்று. மேலே அதே மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். "நான் துவைச்சு அனுப்பின விரிப்பிலேயே என்னைப் படுக்க வச்சானுங்க. மடிப்பு சரியில்ல, யாரு போட்டதுன்னு கேட்டேன்" என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். விரல்கள் அதன் பிறகு முழுதாக மடங்கவில்லை. ஒட்டிய தோல் வேறு நிறத்தில், மயிர் இல்லாமல், பளபளவென்று இருந்தது.

வேலையை விடவில்லை. இடக்கையால் தேய்க்கக் கற்றுக்கொண்டாள். மடிப்புகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. எந்தச் சட்டையை எடுத்தாலும் இது கஞ்சியக்கா போட்டது என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஓய்வு பெறும் வரை அப்படியே தேய்த்தாள். மகளைப் பொறியியல் படிக்க வைத்தாள்.

ஓய்வுக்குப் பிறகு நெஞ்சு வலி வந்தது. இதயத்தில் ஒரு வால்வு தேய்ந்துவிட்டது, வயதுக்கும் உடம்புக்கும் அறுவை தாங்காது என்றார் மருத்துவர். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு மகளிடம்தான் சொன்னார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

"பழைய மிஷின். பார்ட்ஸ் கிடைக்காது. அதானே சொன்னான்?" என்றாள் அம்மா, படி இறங்கும்போது.

பிறகு பஸ்ஸில் சன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "அவகிட்ட ஒரு தடவை பேசிடணும்."

அவள் என்றால் தங்கை. மகளுக்குச் சித்தி. தையல்காரி. அதே ஊரில்தான் இருந்தாள், இரண்டு பஸ் மாறினால் வீடு. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு கண்ணாடி மேசை.

அக்காவும் தங்கையும் பிறந்தது ஒரு வாடகை வீட்டில். அவர்கள் அப்பா இறந்த பிறகு அதைக் காலி செய்யும்படி ஆயிற்று. இருந்த சாமான்களில் தங்கை கேட்டது அந்த மேசை ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கைவண்டிக்காரனோடு வந்தபோது மேசை இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம்தான் இருந்தது.

"வித்துட்டேன்," என்றாள் அக்கா. "உன் வீட்ல வைக்க எங்க இடம்?"

தங்கை காலி வண்டியோடு திரும்பிப் போனாள். போனவள் போனவள்தான். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள், வாசலில் நின்று அந்த வண்டி திரும்புவதைப் பார்த்தாள். ஒரு மேசைக்காகவா இத்தனை ரோஷம் என்று அன்றைக்கும் தோன்றியது, வளர்ந்த பிறகும் தோன்றியது. அம்மாவிடம் கேட்டால் பதில் ஒன்றுதான்: "உனக்குத் தெரியாது, விடு."

*

டாக்டரைப் பார்த்து வந்த சில வாரத்தில் அம்மா போன் செய்தாள். "கிடைச்சிடுச்சுடி. உடனே வா."

பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழைய சாமான் கடை. கட்டில்களுக்கும் உடைந்த மின்விசிறிகளுக்கும் நடுவில் அது நின்றது. தலை முதல் கால் வரை பச்சை பெயிண்ட். அதன் மேல் இன்னொரு பச்சை. அம்மா அதன் இழுப்பறைக் குமிழ் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தொலைத்துக் கண்டுபிடித்தவள் மாதிரி நின்றிருந்தாள்.

"இதேதான். இந்தக் குமிழ், இந்தத் தூணு, எல்லாம் இதேதான். எங்க வீட்டுது."

"ராசியான பொருள்மா," என்றார் கடைக்காரர். "உள்ள அத்தனையும் முழுத் தேக்கு."

அம்மா விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டினாள். "முழுத் தேக்கா? முழுப் பூசணிக்காயை வேற எங்கயாவது மறைங்க. இது மேல ஒட்டுப் போட்டது."

"அது தெரிஞ்சும் ஏம்மா இவ்ளோ ஆசையா பாக்கறீங்க?"

"நானும் ஒட்டுப் போட்டவதான்," என்று வலக்கையைக் காட்டினாள். கடைக்காரர் அதற்கு மேல் தேக்கைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெயிண்டைச் சுரண்டினார்கள். அதைக் கரைக்கும் திரவத்தின் நெடி நெஞ்சுக்கு ஆகாது என்று மகள் எல்லாச் சன்னலையும் திறந்து வைத்து, அம்மாவைத் தள்ளி உட்காரச் சொன்னாள். அம்மா கேட்கவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மேல்பலகையின் வலப்பக்க மூலையில் சுரண்ட ஆரம்பித்தாள். கதவு, இழுப்பறை எதையும் தொடவில்லை. அந்த மூலையை மட்டும் உளுந்தில் கல் பொறுக்குவதுபோல் குனிந்து சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

பச்சை போய், அடியில் சிவப்பேறிய பழுப்பு மரம் வெளிப்பட்டது. அழகான ரேகை. அம்மா துணியால் துடைத்தாள். வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தாள். மறுபடி துடைத்தாள்.

"சுத்தமா இருக்கு," என்றாள். குறை கண்டுபிடித்தவளின் குரல்.

மகள் அதைக் கவனித்தாள். ஆனால் அவள் கையில் அப்போது வேறு சங்கதி இருந்தது. இழுப்பறைகளைக் கழற்றிவிட்டு விளக்கோடு மேசைக்கு அடியில் படுத்திருந்தாள். மேல்பலகையின் ஓரம் ஒன்று உடைந்து, உள்மரம் தெரிந்தது. வரிவரியாக, ஒன்று நெடுக்கில் ஒன்று குறுக்கில்.

"அம்மா, உங்க வீட்டு மேசைக்கு அடியில புகுந்து விளையாடுவோம்னு சொல்லுவியே, அடிப்பக்கம் எப்படி இருக்கும்?"

"தடிப் பலகை. ஒரு இடத்துல வெடிப்பு இருக்கும். அதுல வெளக்குமாத்துக் குச்சியை விட்டு ஆட்டுவோம். ஏன்?"

மகளுக்குப் பொய் எழுதிக் கொடுத்துப் பழக்கமில்லை.

"இது ப்ளைவுட்மா. மேல்பலகை, பின்பலகை எல்லாமே. திருகாணியும் மிஷின்ல செஞ்சது. பின்னாடி மாத்தினதும் இல்ல, ஆதியிலேர்ந்தே இப்படித்தான். உங்க மேசையைப் பார்த்து எவனோ செஞ்சது. உங்களோடது இல்ல."

அம்மா சுரண்டியைக் கீழே வைத்தாள்.

"தோல் ஒரே தோல்தானே?"

"தோல் அதே மரமா இருக்கலாம்."

"அப்ப வேலையைப் பாரு," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாரக் கடைசி தோறும் மகள் வந்தாள். கொப்புளங்களை அமுக்கினார்கள். இடது கதவின் ஓரத்தில் வெனீர் பிய்ந்து போயிருந்தது. கடையில் வாங்கினால் நிறம் சேராது. கண்ணாடிச் சட்டம் மறைக்கும் இடத்தில், தூண்களுக்குப் பின்னால், ஒரு பட்டை நல்ல வெனீர் இருந்தது. மகள் அதை ஈரச்சூடு கொடுத்து, மெல்லிய கத்தியை அடியில் விட்டுக் கிளப்பினாள். அதில் ஒரு துண்டை வெட்டிக் கதவில் பதித்தாள்.

அம்மா தொடையைத் தட்டிக்கொண்டாள். "என் கதைதான் போ. தெரியற இடத்துல அசிங்கம், மறையற இடத்துல திருட்டு."

"ஒட்டு தெரியுதா?"

"எனக்குத் தெரியுது. பாக்கறவளுக்குத் தெரியாது."

பார்க்கப் போகிறவள் யார் என்று இருவருக்கும் தெரியும்.

*

புதன்கிழமை காலை மாடிவீட்டுக்காரி போன் செய்தாள். கதவு திறக்கவில்லை, தட்டியும் பதில் இல்லை, உடைத்துப் பார்த்தோம் என்றாள். பிறகு அழுதாள்.

அம்மா நாற்காலியில், மேசையைப் பார்த்தபடி இருந்தாள். தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வலக்கை மடியில், உள்ளங்கை மேலாக.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகுதான் மகள் மேசையைச் சரியாகப் பார்த்தாள். மேல்பலகையின் வலப்பக்க மூலையில் ஒரு சூட்டுத்தழும்பு. இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு அப்படியே பதிந்திருந்தது. அகன்ற பின்பக்கம், வளைவு, கூர் மூக்கு. நடுவில் கரிந்த பழுப்பு, விளிம்பில் வெளிர் மஞ்சள்.

அவளுக்கு ஒரே விளக்கம்தான் தோன்றியது. எங்கோ கிளம்பிய ஓர் ஓரத்தை அமுக்கப் போயிருக்கிறாள். வலி வந்திருக்கிறது. பெட்டியைத் தூக்கத் தெம்பில்லாமல் விட்டுவிட்டு நாற்காலிக்குப் போயிருக்கிறாள். மரம் கருகும் வாடையில் தனியாக உட்கார்ந்து செத்திருக்கிறாள்.

பெட்டி அலமாரியில் செங்குத்தாக நின்றது. வயர் சுற்றி வைக்கப்பட்டிருந்தது, சலவைக்கூடத்தில் சுற்றும் விதத்தில், முனையை உள்ளே செருகி. மகள் அதையும் பார்த்தாள். வேறொருவர் வேலையைச் சோதிக்கப் போயிருந்தால் அந்த வயர் ஒன்றே போதும், முதல் விளக்கத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள். அன்று அவளால் முடியவில்லை.

தழும்பை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். வேறு எதைச் செய்வது என்று தெரியவில்லை. தூண்களுக்குப் பின்னால் எடுத்த பட்டையில் இன்னும் மீதி இருந்தது. அதைத் தழும்பின் மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டாள். கத்தியைத் தீட்டினாள்.

அப்போதுதான் வாசலில் ஆள் நிழல் விழுந்தது. சித்திக்குத் தகவல் யார் யார் மூலமோ சுற்றி, ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மாவின் முகம்தான், கொஞ்சம் பருத்த முகம். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதைக் கழற்ற மறந்து வந்திருந்தாள்.

"வாங்க சித்தி."

சித்தி வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பார்த்தாள்.

"அந்தக் கத்தியைக் கீழ வை."

"சூடு பட்டிருக்கு சித்தி. கடைசி நேரத்துல பெட்டியைத் தூக்க முடியாம விட்டுட்டாங்க. வெட்டி எடுத்துட்டு ஒட்டுப் போடறேன்."

"முடியாம விட்டான்னு உனக்கு யாரு சொன்னா?"

உள்ளே வந்தாள். தழும்பின் ஓரமாக ஒரு விரலை ஓட்டினாள், துணியில் தையல் கோடு பார்ப்பதுபோல்.

"எங்க மேசையில ஒரு சூடு உண்டு. இதே மூலையில. நான் வச்சது. சின்னப் பொண்ணு, ரிப்பனைத் தேய்க்கறேன்னு பெட்டியை வச்சிட்டு வேடிக்கை பாக்கப் போயிட்டேன். அப்பா வந்து யாருன்னு கேட்டாரு. அக்கா நான்தான்னு சொல்லிட்டா. பெல்ட்டு பிஞ்சு போற வரைக்கும் அடி. அப்புறம் குப்புறப் படுத்துக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கறா, பைத்தியக்காரி."

மகள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதுக்குத்தான் அந்த மேசையைக் கேட்டேன். அவ என்னடான்னா வைக்க இடமில்லைன்னு வித்துட்டா."

"இது அது இல்ல சித்தி. அம்மாவுக்கும் தெரியும். நான் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா? வாசல்லேர்ந்தே தெரியுது. அதுக்குக் கால் இன்னும் குட்டை." சித்தி குனிந்து தழும்பின் கூர்முனையில் விரலை வைத்தாள். "எங்க சூட்டுக்கு மூக்கு இடப்பக்கம் பாக்கும். நான் வலக்கைக்காரி. இது வலப்பக்கம் பாக்குது பாரு. இடக்கையால வச்சிருக்கா. பொய் சொன்னா ஒழுங்கா சொல்லணும். அவளுக்கு எப்பவும் வராது."

மகள் அலமாரியைப் பார்த்தாள். பெட்டி நின்றது. வயர் சுற்றியிருந்தது. அம்மா அவசரப்படவில்லை. இடம் பார்த்து, சூடு பார்த்து, வைத்து, எண்ணி, எடுத்து, வயரைச் சுற்றி வைத்துவிட்டு, செய்த வேலையைப் பார்க்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இத்தனை பாடு எதுக்குடி அவளுக்கு?" என்றாள் சித்தி. "ரெண்டு பஸ்ஸு. வந்து தட்டியிருந்தா திறந்திருக்க மாட்டேனா?"

பிறகு அவளே, தணிந்த குரலில்: "திறந்திருப்பேனான்னு எனக்கே தெரியல."

அழவில்லை. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

"நீங்க எடுத்துக்கறீங்களா சித்தி? உங்களுக்காகத்தான்..."

"வேணாம்." வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள். "வைக்க எங்க இடம்?"

*

அந்த வாரக் கடைசியில் மகள் பாலிஷ் போட்டாள். அவள் ஒப்புக்கொண்ட வேலை அது. அரக்கைச் சாராயத்தில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தில் தோய்த்து, மெல்லிய பூச்சாகப் பூசினாள். காயவிட்டு, உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, மறுபடி பூசினாள். தழும்பின் மேலும் பூசினாள். பென்சில் கோட்டை மட்டும் முதலில் அழித்துவிட்டாள். ஈரம் பட்டதும் கரிந்த மரத்தில் சிவப்பு ஏறியது.

அலுவலகத்துக்கு இன்னும் சில நாள் விடுப்புச் சொன்னாள். அம்மாவின் துணிகளை மடித்தாள். மடிப்புகள் எல்லாம் அவளுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தன.

வியாழக்கிழமை காலை வாசலில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. ஓட்டுநர் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பழைய போர்வைகள் இரண்டைக் கையில் வைத்திருந்தார்.

"அம்மா இருக்காங்களா? போன வாரமே சொல்லி வச்சாங்க, வியாழக்கிழமை வரணும்னு. மேசை ஒண்ணு, தங்கச்சி வீட்டுக்கு."

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வழியில கண்ணாடிக் கடையில நிறுத்தச் சொன்னாங்க," என்றார் அவர், உள்ளே எட்டிப் பார்த்து. "கண்ணாடியை மடியில வச்சுக்கிட்டு அவங்களே கூட வர்றாங்களாம். முன்சீட்டைத் துடைச்சு வைன்னாங்க. துடைச்சிட்டேன்."